எண்ணெய் வாளி முதல் இரத்த அழுத்தக் கருவி வரை: கெடா தோட்டங்களைக் காத்த கைகள்

காட்டை வெட்டி, நிலத்தில் வெயில் படும்படி செய்துவிட்டால் மலேரியா ஒழிந்துவிடும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பு பலர் நம்பினார்கள். கடற்கரையை ஒட்டிய சமவெளித் தோட்டங்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால், மலையடிவாரத் தோட்டங்களில் நேர்மாறாக நடந்தது. மரங்களை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. லயங்களில் ஆள் மாற்றி ஆள் படுத்தார்கள். பால் வெட்டப் போக ஆள் இல்லை.

ஒரே நோய், ஒரே வேலை. இரண்டு இடங்களில் இரண்டு விளைவுகள். ஏன்?

மாணவர்களே, இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களைப் பற்றிப் பாடநூல்களில் படிக்கலாம். ஆனால், அந்த விடையைத் தினமும் கையில் எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்தவர்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அவர்கள் மருத்துவர்கள் அல்லர். பலர் பள்ளிப்படிப்பையே முடிக்காதவர்கள். இன்று உலகச் சுகாதார நிறுவனம் 'சமூகச் சுகாதார ஊழியர்' என்று அழைக்கும் மனிதர்களின் முன்னோடிகள் அவர்கள். கெடாவின் கோல மூடா, கூலிம், பாலிங் மாவட்டத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் உயிர் பிழைத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

வெயிலை விரும்பிய கொசு

மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் வகைக் கொசு என்பதை 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தார். நான்கே ஆண்டுகளில், 1901இல், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, கிள்ளானிலும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியாவைப் பெருமளவு குறைத்துக் காட்டினார். பின்னர் தோட்டங்களின் பக்கம் திரும்பியபோதுதான் அந்தப் புதிர் எதிர்ப்பட்டது.

விடை கொசுவின் இனத்தில் இருந்தது. சமவெளியில் நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ். அது நிழலான, தேங்கிய நீரில் முட்டையிடும். காட்டை வெட்டி வாய்க்கால் தோண்டினால் அதற்கு இடம் இல்லாமல் போய்விடும். மலையடிவாரத்தில் இருந்ததோ அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் பிடிக்கும். காட்டு மரங்கள் நிழல் தந்தவரை அது அடங்கிக் கிடந்தது. மரங்களை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. அதாவது, ஒரு கொசுவை ஒழித்த அதே வேலை இன்னொரு கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தது.

ஆகவே மலைப்பாங்கான தோட்டங்களில் வேறு வழி தேவைப்பட்டது. ஓடைகளைக் குழாய்களுக்குள் செலுத்தி மண்ணால் மூடினார்கள். அப்படிச் செய்ய முடியாத இடங்களில் நீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். அனோபிலிஸ் புழு நீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்தபடி காற்றைச் சுவாசிக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலம் அந்தச் சுவாசத் துளைகளை அடைத்துவிட்டால் புழு இறந்துவிடும்.

இங்கேதான் நம் முதல் சுகாதார ஊழியர் வருகிறார். எண்ணெய் தெளிக்கும் தொழிலாளி. வாளியையோ முதுகில் மாட்டிய தெளிப்பானையோ எடுத்துக்கொண்டு, ஓடை, ஊற்று, வண்டித்தடத்தில் தேங்கிய குட்டை என்று எல்லாவற்றையும் சுற்றி வருவது அவர் வேலை. வாரம் ஒருமுறை கட்டாயம் வரவேண்டும். ஏன் வாரம் ஒருமுறை? நம் வெப்பநிலையில் கொசு முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதற்குள் ஒருமுறை எண்ணெய் விழுந்துவிட்டால் அந்தத் தலைமுறை முழுதும் அழிந்துவிடும். ஒரு வாரம் தவறினால் கொசு பறந்துவிடும். இந்தச் சுழற்சியின் கணக்கு அந்தத் தொழிலாளிக்கு ஏட்டில் தெரியாமல் இருக்கலாம். ஆனால், அவர் கால்கள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தன.

வேலை பலித்ததா என்று அறிய ஓர் எளிய அளவுகோலும் இருந்தது. மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை உடைக்கும். உடைந்த அணுக்களை அகற்றும் மண்ணீரல் மெல்ல வீங்கும். தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இடது விலா எலும்புக்குக் கீழே விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையே அந்தத் தோட்டத்தின் மலேரியா நிலவரம். ஆய்வுக்கூடம் தேவையில்லை, தேர்ந்த விரல்கள் போதும்.

டிரெசர் ஐயா

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், 'டிரெசர்' என்ற சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்பதுதான் அதன் நேரடிப் பொருள். ஆனால், தோட்ட மருத்துவமனையில் அவர் செய்யாத வேலை இல்லை. காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். பால் வெட்டும் கத்தி கிழித்த விரலைத் தைப்பார். பிள்ளைகளின் வயிற்றுப்புழுவுக்கு மருந்து கொடுப்பார். லயத்துச் சாக்கடையும் கிணறும் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். கைமீறிய நோயாளியை லாரியில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனைக்கு அனுப்புவார். மருத்துவர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். எப்போதாவது வந்து போவார். தினமும் இருப்பவர் டிரெசர்தான்.

1965இல் நாடாளுமன்றம் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தை இயற்றியது. தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களே இந்த வேலையைச் செய்யலாம் என்ற ஒழுங்கு வந்தது. மருத்துவர் அல்லாத ஒருவரிடம் உயிர்காக்கும் பொறுப்பைக் கொடுக்கும்போது பயிற்சி, பதிவு, மேற்பார்வை மூன்றும் வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் தேவைப்படும்.

கள்ளுக்கடை முன் நின்ற தொண்டர்கள்

எல்லா நோய்க்கும் கொசு காரணம் அல்ல. தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. தென்னம்பாளையிலிருந்து வடியும் இனிப்பான சாறு, காற்றில் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கும். சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். ஒரு குவளையால் வீடு கெடாமல் இருக்கலாம். நாள் கூலியின் பெரும்பகுதி அங்கேயே போனால், வீட்டில் பருப்பும் பாலும் காய்கறியும் குறையும். குடிப்பவரின் கல்லீரலோடு பிள்ளைகளின் எடையும் பாதிக்கப்படும். இதைத்தான் சுகாதாரத் துறையினர் 'நோயின் சமூகக் காரணி' என்கிறார்கள். கிருமிநாசினியால் தீர்க்க முடியாத காரணி இது.

ஜப்பானியர் ஆட்சி முடிந்த பின், கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தோட்டத் தமிழ் இளைஞர்கள் 'தொண்டர் படை' என்ற அமைப்பில் திரண்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947இன் தொடக்கத்தில் பீடோங்கில் அது காவலர்களுடன் மோதலில் முடிந்தது. கைது நடவடிக்கைகளும் தொடர்ந்தன. இதை வரலாற்று நூல்கள் தொழிற்சங்கப் போராட்டமாகப் பதிவு செய்கின்றன. அது சரியே. ஆனால், சுகாதாரக் கண்ணோடு பார்த்தால் வேறொன்றும் தெரியும். தங்கள் குடியிருப்பின் நலத்தைக் கெடுப்பது எது என்று அந்த மக்கள் தாங்களே கண்டறிந்தார்கள். தாங்களே அதை எதிர்த்தார்கள். எந்தச் சுகாதாரத் திட்டமும் வெற்றி பெற இந்த ஈடுபாடு தேவை.

மருத்துவச்சியும் வண்ண ஒட்டும்

1957இல் மலாயா விடுதலை அடைந்தபோது, உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 10க்கும் கீழே. பிரசவத்தோடு தொடர்புடைய தாய் மரணம் அன்று 1,00,000 பிறப்புகளுக்கு 200க்கும் மேல். கோவிட் காலத்தைத் தவிர்த்துப் பார்த்தால், அண்மை ஆண்டுகளில் அது 20 முதல் 30 வரைதான்.

இந்த மாற்றம் பெரிய மருத்துவமனைகளால் மட்டும் வரவில்லை. 1950களிலிருந்து அரசு கிராமப்புறச் சுகாதாரச் சேவையை விரித்தது. சில ஆயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று தொடங்கியது. ஊரில் ஏற்கெனவே பிரசவம் பார்த்து வந்த பாரம்பரிய மருத்துவச்சிகளை ஒதுக்கிவிடாமல், கை கழுவுவது, தூய்மையான கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பது, ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் உடனே சொல்லி அனுப்புவது எனப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அரசு மருத்துவச்சிகள் கூடுதல் பயிற்சி பெற்றுச் சமூகத் தாதியர் ஆனார்கள். பிரசவத்தோடு தடுப்பூசி, குழந்தையின் எடை, குடும்ப நலம் என எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. இன்றும் கிராம கிளினிக்குகளில் நீங்கள் பார்ப்பது அவர்களைத்தான்.

இந்த அமைப்பின் அறிவு ஒரு சிறிய வண்ண ஒட்டில் அடங்கியிருக்கிறது. மலேசியாவில் கர்ப்பிணிகளுக்கான பதிவுப் புத்தகத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நான்கு நிறங்களில் ஒன்று ஒட்டப்படும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் விரைவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பச்சை என்றால் சுகாதார கிளினிக்கில் கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். வெள்ளை என்றால் ஆபத்துக் குறைவு. தாய்க்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எந்த மொழி பேசினாலும், நிறம் எல்லாருக்கும் புரியும். முடிவெடுக்கும் விதிகளை எளிமையாக்கி ஊழியரின் கையில் கொடுத்தால், மருத்துவர் பக்கத்தில் இல்லாதபோதும் சரியான முடிவு எடுக்க முடியும்.

மலேரியாவிலும் இதே கதைதான். 1967இல் தீபகற்பத்தில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாகச் சென்று சுவரில் மருந்து தெளித்தார்கள். காய்ச்சல் கண்டவர்களின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசினார்கள். 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் உள்நாட்டு மலேரியாத் தொற்று பதிவாகவில்லை. குரங்குகளிடமிருந்து தொற்றும் நோலெசி வகை மலேரியா மட்டும் இன்னும் சவாலாக இருக்கிறது.

தோட்டம் கலைந்தபோது

இதுவரை வெற்றிக் கதை. இனி, நாம் யோசிக்க வேண்டிய பகுதி.

1980களுக்குப் பிறகு கெடாவின் தோட்டங்கள் மாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயத்து வீடுகளை விட்ட குடும்பங்கள் சுங்கை பட்டாணி, பாடாங் செராய், லூனாஸ், பீடோங் போன்ற ஊர்களின் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. மின்சாரம், குழாய்நீர், பள்ளி, வேலை எல்லாம் பக்கத்தில் வந்தன.

ஆனால், ஒன்று காணாமல் போனது. தோட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் பெரட்டிலேயே தெரிந்துவிடும். டிரெசர் வீட்டுக்கு வருவார். ஆயாக்கொட்டகையில் ஒரு குழந்தை சோர்ந்திருந்தால் ஆயா கண்டுபிடித்துவிடுவார். தாமானில் அடுத்த வீட்டுக்காரர் மருந்து சாப்பிடுகிறாரா என்று யாருக்குத் தெரியும்? வயதான பாட்டிக்கு மலாய்மொழி சரளமாக வராது; கிளினிக் போகப் பேருந்து இல்லை; மகனுக்கு இரவு ஷிப்ட். நோயைக் கவனிக்க ஆள் இல்லாமல் போன அதே காலத்தில், சத்தம் போடாத புதிய நோய்கள் வந்து சேர்ந்தன.

வலிக்காத நோய்

மலேரியா வந்தால் உடம்பு நடுங்கும், எல்லாருக்கும் தெரியும். இனிப்பு நீர் நோயும் உயர் இரத்த அழுத்தமும் அப்படியல்ல. பல ஆண்டுகள் வலியே இல்லாமல் உள்ளே வேலை செய்யும். இரத்தத்தில் கூடுதலாக இருக்கும் குளுக்கோஸ், கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், பாதத்து நரம்பு ஆகியவற்றில் உள்ள மெல்லிய இரத்தக் குழாய்களை முதலில் கெடுக்கும். பார்வை மங்கும்போதோ காலில் பட்ட புண் ஆறாதபோதோதான் பலர் மருத்துவரிடம் போகிறார்கள்.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இருந்தது. அதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று: 18.3 விழுக்காட்டில் 9.4 விழுக்காட்டினருக்குத்தான் தங்களுக்கு நோய் இருப்பது தெரியும். மீதி 8.9 விழுக்காட்டினருக்குத் தெரியாது. ஏறக்குறைய பாதிப் பேர் நோயோடு இருக்கிறார்கள். அதை அறியாமலே இருக்கிறார்கள்.

இந்தியர்களுக்கு ஏன் கூடுதல்? உணவும் உடற்பயிற்சியின்மையும் ஒரு காரணம். உடலமைப்பு இன்னொரு காரணம். ஒரே எடையும் உயரமும் உள்ள இருவரை ஒப்பிட்டால், தெற்காசியருக்கு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு அதிகம் சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் எடைத் தராசைவிட அளவு நாடா சில சமயம் அதிகம் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை.

இந்த நோய்களைத் தேடிப் போவதற்காகச் சுகாதார அமைச்சு 2013இல் 'கோஸ்பென்' என்ற சமூக நலத் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பில் வாழும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஐந்து வேலைகளைக் கொடுத்தார்கள்: நல்ல உணவு, சுறுசுறுப்பான வாழ்க்கை, உடல் எடைக் கட்டுப்பாடு, புகையில்லாச் சூழல், நோய் அபாயப் பரிசோதனை. தொண்டர் ஒரு மேசை, ஒரு தராசு, ஓர் அளவு நாடா, இரத்த அழுத்தக் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஆகியவற்றோடு பொதுமண்டபத்தில் உட்கார்ந்தால் போதும். அளவு கூடியிருந்தால் கிளினிக்குக்கு அனுப்புவார்.

கூட்டங்களிலும் விருந்துகளிலும் வெறும் தண்ணீரைக் கட்டாயம் வைப்பது, தேநீரில் சர்க்கரையைக் கலக்காமல் தனியே வைப்பது ஆகியவற்றையும் இத்திட்டம் வலியுறுத்தியது. சின்ன விஷயம்போல் தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். கெட்டிப் பாலின் எடையில் ஏறத்தாழ பாதி சர்க்கரை. ஒரு குவளைத் தே தாரிக்கில் 40 கிராம் கெட்டிப் பால் ஊற்றினால் 20 கிராம் வரை சர்க்கரை. மூன்று குவளை குடித்தால், ஒரு பெரியவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கான உச்ச அளவான சுமார் 50 கிராமை அந்தத் தேநீரே எட்டிவிடும். சோறும் பலகாரமும் இனிமேல்தான்!

உண்மையிலேயே பலன் உண்டா?

'நல்ல எண்ணம்' வேறு, 'நிரூபணம்' வேறு. மருத்துவர் அல்லாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் இதயநோய் அபாயம் குறையுமா? இதை மலேசியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'ஹோப் 4' என்ற ஆய்வு மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 குடியிருப்புகளில் நடந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ள 1,371 பேர் அதில் பங்கேற்றார்கள். குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு மூன்று கூடுதல் உதவிகள்: பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் கைக்கணினியில் உள்ள விதிமுறைப்படி பரிசோதித்து அறிவுரை கூறுவார், மருத்துவரின் மேற்பார்வையில் மருந்து இலவசமாகக் கிடைக்கும், குடும்பத்தில் ஒருவரோ நண்பரோ 'சிகிச்சைத் துணைவராக' இருப்பார்.

முடிவு 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஓராண்டுக்குப் பின், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 30 விழுக்காட்டினரின் இரத்த அழுத்தமே கட்டுக்குள் இருந்தது. ஊழியர் உதவி பெற்ற பிரிவில் 69 விழுக்காட்டினர். இருமடங்குக்கும் மேல்! ஏன் குலுக்கல் முறை என்று உங்களில் சிலர் கேட்கலாம். ஆர்வமுள்ள குடியிருப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், பலன் ஊழியரால் வந்ததா, ஆர்வத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. குலுக்கல் அந்தச் சந்தேகத்தை நீக்குகிறது. கட்டுப்பாட்டுப் பிரிவு ஏன் வேண்டும் என்று உங்கள் அறிவியல் ஆசிரியர் சொல்வதும் இதற்காகத்தான்.

அந்த மூன்றாவது உதவியைக் கவனியுங்கள். துணைவர். மருந்து வாங்குவது கிளினிக்கில் நடக்கிறது. மருந்து சாப்பிடுவது வீட்டில் நடக்கிறது. ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்:

"பாட்டி, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"தலைசுத்தல் இல்லையேம்மா, எதுக்கு மாத்திரை?"

"மாத்திரை போடறதாலதான் பாட்டி தலைசுத்தல் இல்ல."

இந்த ஒரு வரியை மருத்துவர் ஆண்டுக்கு நான்கு முறை சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பெண் வாரம் நான்கு முறை சொல்லலாம். காசநோயிலும் இப்படித்தான். வழக்கமாக ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பலர் நிறுத்திவிடுவார்கள். மீதமிருக்கும் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் பெற்றுத் திரும்பி வரும். அதனால்தான் ஒருவர் பார்க்க, நோயாளி மாத்திரை விழுங்கும் முறை உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.

உலகத்தின் மற்ற வாசல்கள்

கஸக்ஸ்தானின் அல்மா அட்டா நகரில் 1978இல் நடந்த மாநாட்டில், அடிப்படை மருத்துவம் மக்கள் வாழும் இடத்துக்கே போக வேண்டும் என்று உலக நாடுகள் அறிவித்தன. அதற்கு வெகு முன்பே, 1926இல், இலங்கையின் களுத்துறையில் வீடு தேடிப் போகும் மருத்துவச்சிகளைக் கொண்ட சுகாதாரப் பிரிவு தொடங்கிவிட்டது. வங்காளதேசத்தில் 1980களில் 'பிராக்' அமைப்பின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் நீரில் கரைத்து வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கக் கற்றுத் தந்தார்கள். குடலில் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே உள்ளே செல்லும். அவற்றோடு நீரும் செல்லும். இந்த அறிவியல், ஒரு தாயின் கைப்பிடி அளவில் சுருங்கியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இனிப்பு நீர், இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே பெண் தன்னார்வலர்கள் மருந்தைக் கொண்டு போகிறார்கள். நம் கெடாத் தாமான்களின் சிக்கலும் அங்குள்ள கிராமங்களின் சிக்கலும் ஒன்றேதான்: கிளினிக் இருக்கிறது, நோயாளி வருவதில்லை.

எல்லை எங்கே?

சமூகச் சுகாதார ஊழியர் மருத்துவருக்கு மாற்று அல்லர். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கைகால் விழுதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் உடனே 999 அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் அளவு ஒரு சந்தேகத்தை எழுப்பும். உறுதி செய்வது கிளினிக்கின் வேலை. டிரெசர் பகுதியில் சொன்ன மூன்றும் இங்கே மீண்டும் வருகின்றன: பயிற்சி, பதிவு, மேற்பார்வை. இவை இல்லாத தொண்டு, நல்ல மனத்தோடு தவறான அறிவுரை சொல்வதில் முடியலாம்.

இன்னொன்று. தொண்டர்களை எவ்வளவு காலம் வெறும் நல்லெண்ணத்தை நம்பி வைத்திருக்க முடியும்? அவர்களுக்கும் குடும்பமும் வேலையும் உண்டு. மருந்து, கருவி, போக்குவரத்துச் செலவு, ஓரளவு ஊக்கத்தொகை, 'உங்களால் இந்தத் தாமானில் இத்தனை பேர் கண்டறியப்பட்டார்கள்' என்ற தகவல், இவை கிடைக்காவிட்டால் ஆர்வம் வடிந்துவிடும். அன்று எண்ணெய் தெளித்தவருக்குக் கூலி கொடுத்தார்கள் என்பதை மறக்கக்கூடாது.

இன்று செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இருந்த நிலையில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்: புதிய ஊர், புரியாத மொழி, தொலைவில் மருத்துவமனை. கொசு கடிக்கும்போது கடப்பிதழ் கேட்பதில்லை. அவர்களைக் காப்பது நம்மையும் காப்பதுதான்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது?

நீங்கள் படிவம் ஒன்றிலோ ஐந்திலோ இருக்கலாம். நாளை முதல் செய்யக்கூடியவை சில:

1. வாரம் ஒரு நாள், 10 நிமிடம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரில் முட்டையிடும். பூச்சாடித் தட்டு, குளியலறை வாளி, குளிர்பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி ஆகியவற்றைப் பாருங்கள். ஏன் வாரம் ஒருமுறை என்று இப்போது உங்களுக்குத் தெரியும். 2001இல் ஜொகூர் பாருவில் தொடங்கிய 'கோம்பி' சமூகத் திட்டம் இந்தப் பழக்கத்தைத்தான் குடியிருப்புகளிடம் கொண்டு சென்றது.

2. வீட்டில் 40 வயதைத் தாண்டியவர்கள் கடைசியாக எப்போது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்தார்கள் என்று கேளுங்கள். 'நினைவில்லை' என்று பதில் வந்தால் அடுத்த விடுமுறையில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

3. தாத்தா பாட்டியின் மருந்துப் பையில் உள்ள மலாய், ஆங்கில வாசகங்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: எந்த மாத்திரை, எப்போது, உணவுக்கு முன்பா பின்பா. சந்தேகம் இருந்தால் மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

4. உங்கள் தாமானில் கோஸ்பென் தொண்டர் யார் என்று அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால், வீட்டுப் பெரியவர்களில் ஒருவரைப் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள்.

இவற்றில் எதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஓடை ஓடையாக எண்ணெய் வாளியைச் சுமந்து நடந்தவருக்கும் அது இருந்ததில்லை. வார நாளைத் தவறவிடாமல் வந்தார்; அதனால் பல பிள்ளைகள் காய்ச்சல் இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள்.